செயலாளர் நாற்காலியில் ஒரு தலைவர்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், தொட்டியம்



நூலகர் ஒருவரின் தலைமைப் பண்பும் தொழிலுக்கு அவர் ஆற்றிய தொண்டும் என்ற பொருளில் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நூலகரைப் பாராட்டும் மேடைகளில் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? நேரத்துக்குத் திறப்பார், முகம் சுளிக்க மாட்டார், கேட்ட புத்தகத்தைத் தேடி எடுத்துத் தருவார், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக விடுமுறை நாளிலும் வந்து உட்காருவார். எல்லாமே பெரிய குணங்கள்தாம். அப்படி ஒருவர் கிடைத்தால் அது அந்த ஊரின் நல்ல காலம். ஆனால் இவை வாசகருக்குச் செய்யும் தொண்டு. தொழிலுக்குச் செய்யும் தொண்டு என்று ஒன்று தனியே இருக்கிறது. அந்த நல்ல நூலகர் மாற்றலாகிப் போன பிறகு அந்த நூலகம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் அது தெரியவரும்.

தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் சிறந்த பொது நூலகர்களுக்கு டாக்டர் எஸ்.ஆர்.அரங்கநாதன் பெயரால் நல்நூலகர் விருது வழங்குகிறது. ஆகஸ்ட் 12-ஐ நாடு முழுவதும் நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதுவும் அவர் பிறந்தநாளை வைத்துத்தான். படத்துக்கு மாலை போட்டு, கோலன் பகுப்புமுறையைக் கண்டவர், ஐந்து விதிகளைச் சொன்னவர் என்று இரண்டு வரி பேசிவிட்டு இறங்கிவிடுகிறோம். அவ்விரண்டும் அவருடைய அறிவுக்குச் சான்று. அவருடைய தலைமைக்குச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்பதே இன்றைய பேச்சு.

பிடிக்காமல் ஏற்ற பதவி

நம் ஊரைத் தொட்டு ஓடும் இந்தக் காவிரி கடலை நெருங்கும் பக்கத்தில், சீர்காழியில், 1892-இல் பிறந்தவர் அரங்கநாதன். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் படித்தார். மங்களூரிலும் கோவையிலும் அரசுக் கல்லூரிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். கற்பிப்பதில் அவருக்குத் தீராத ஆசை. சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகர் பதவிக்கு ஆள் தேடியபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தார்கள் என்பார்கள். அவர்களில் நூலகப் பயிற்சி பெற்றவர் எவரும் இல்லை, அரங்கநாதனும் இல்லை. சம்பளம் ஆசிரியர் வேலையைவிட நன்றாக இருந்தது. 1924 ஜனவரி 4-ஆம் நாள் பொறுப்பேற்றார்.

சில நாட்களிலேயே அலுத்துவிட்டது. நாள் முழுக்கப் பேச்சுத்துணைக்கு மாணவர் இல்லாத வேலை. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய், என்னை வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். முதல்வர் மறுக்கவில்லை. லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால் இடம் உண்டு என்றார்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியர். குரோய்டன் நகரின் பொது நூலகத்தை நடத்திவந்தவர் அவர். அங்கே அரங்கநாதன் பார்த்தது புத்தகங்களை மட்டும் இல்லை. குழந்தைகளுக்குத் தனி இடம், வேலை முடிந்து வரும் தொழிலாளிக்கு ஓர் இருக்கை, கிளை நூலகங்களின் வரிசை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சட்டம், வரிப்பணம், பயிற்சி பெற்ற ஆட்கள், அவர்களுக்கென ஒரு சங்கம். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1925-இல் சென்னை திரும்பினார். கல்லூரி முதல்வரிடம் மறுபடியும் போகவில்லை.

பூட்டிக் கிடந்த அலமாரிகளை வாசகர் கைக்குத் திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். காலையில் வந்தால் இரவு வரை வேலை. இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் உழைத்தார். இந்த அளவோடு நின்றிருந்தால் அவரை நல்ல நூலகர் என்று சொல்லியிருப்போம். தலைவர் என்று சொல்வதற்கான காரணம் 1928-இல் தொடங்குகிறது.

சங்கம்

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. சங்கத்தின் தலைவர் வழக்கறிஞர் கே.வி.கிருஷ்ணசாமி ஐயர். அரங்கநாதன் அமர்ந்தது செயலாளர் நாற்காலியில். 1945-இல் சென்னையை விட்டுப் போகும் வரை அதே நாற்காலிதான். ஊர்ப் பொதுக்காரியங்களில் இறங்கிய யாருக்கும் இது எப்படிப்பட்ட இடம் என்று தெரியும். மாலை தலைவருக்கு விழும். அழைப்பிதழ் அச்சடிப்பதும், கணக்கு எழுதுவதும், கூட்டத்துக்கு வராதவர் வீட்டுப் படியேறுவதும் செயலாளர் தலையில் விழும். நாட்டிலேயே நூலகவியலை அதிகம் அறிந்தவர் பதினேழு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார்.

வழக்கறிஞரும் நீதிபதியும் கல்வியாளரும் சங்கத்துக்கு வெளியே நின்று கைதட்டக் கூடாது, உள்ளே வந்து பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருடைய ஐந்து விதிகள் நூல் 1931-இல் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அணிந்துரை எழுதியவர் பி.எஸ்.சிவசாமி ஐயர். அந்த விதிகளை முதலில் அவர் விளக்கிச் சொன்னது 1928 டிசம்பரில், சிதம்பரத்தில் கூடிய மாகாணக் கல்வி மாநாட்டில். ஆசிரியர்கள்தாம் முதல் அவையோர். நூல் இருப்பது எடுத்துப் படிக்கத்தான் என்று தொடங்கி, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என்று போகும் அந்தச் சிந்தனை, பள்ளிக்கூட வாத்தியாருக்கும் விளங்கும் எளிய சொற்களில் அமைந்தது. தொழில் மொழியைத் தொழிலுக்கு வெளியே இருப்பவரும் பேசும்படி செய்தது அவருடைய முதல் தலைமைச் செயல்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. வண்டியை வடிவமைத்து முன்னின்று நடத்தியவர் மேலவாசல் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை. அரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். புத்தக அடுக்குகள் பொருத்திய கூண்டு வண்டி கிராமம் கிராமமாகப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்கியது. சாலை சரியாக இல்லாத காலம். மோட்டார் வண்டிக்குப் பணமும் இல்லை. குரோய்டனில் பார்த்ததை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கனகசபைப் பிள்ளை போன்ற ஒருவர் ஊரிலேயே முன்வந்து காரியத்தை நடத்த, தாம் ஒதுங்கி நின்றார். சங்கம் என்பது இதற்காகத்தான்.

பள்ளி

1929 கோடையில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நடத்தியது சங்கம். 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. கணக்கு வாத்தியாருக்கு வகுப்பறை மீண்டும் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. தமக்குத் தெரிந்த நுணுக்கங்களைத் தமக்குள்ளேயே வைத்திருந்தால் அவர் இல்லாமல் நூலகம் ஓடாது என்ற பெருமை கிடைத்திருக்கும். பல அலுவலகங்களில் அந்தப் பெருமையோடு ஓய்வு பெற்றவர்களை நாம் அறிவோம். அவர்கள் போன பிறகு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அரங்கநாதன் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1933-இல் கோலன் பகுப்புமுறை, 1934-இல் பட்டியலாக்க விதிகள், 1937-இல் பகுப்புக் கோட்பாட்டு நூல். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோதுதான் பகுப்பு எண்ணைத் துண்டு துண்டாகப் பொருத்திக் கட்டலாம் என்று தோன்றியது என அவரே சொல்லியிருக்கிறார். அந்த யோசனையை ஒரு கையேடாக ஆக்கியதால்தான் அவர் முகமே பார்க்காத நூலகரும் ஒரு புதுப் புத்தகத்துக்கு எண் போட முடிந்தது. வாசகர் கேள்விகளுக்கு உதவும் பணியைப் பற்றிய நூலை உடன் பணியாற்றிய சி.சுந்தரம், கே.எம்.சிவராமன் ஆகியோரோடு சேர்ந்து எழுதினார். உதவியாளர் பெயர் அட்டையில் வருவதை அவர் விரும்பினார்.

பின்னாளில் 1962-இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது எழுபது. நீலமேகன் போன்ற அடுத்த தலைமுறை அறிஞர்கள் அங்கே அவரோடு வேலை செய்து எழுந்தார்கள்.

சட்டம்

இனிச் சொல்வது நம் வீட்டு வரி ரசீதோடு தொடர்புள்ளது. 1930-இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் அரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். பொது நூலகம் தர்மகர்த்தாவின் தயவில் நடக்கக் கூடாது, அதற்கு நிலையான வருமானம் வேண்டும், அந்த வருமானத்துக்கு ஒரு வரி வேண்டும் என்பது அதன் சாரம். 1933-இல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆட்சிகள் மாறின, போர் வந்தது, ஆண்டுகள் ஓடின. சங்கம் அந்தக் கோரிக்கையைக் கைவிடவில்லை.

தி.சு.அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. அப்போது அரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945-இலேயே பல்கலைக்கழக வேலையை விட்டுக் காசி இந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதிரிச் சட்டம் எழுதி பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் ஊரை விட்டுப் போன மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, காரியம் கைகூடியது.

அவருடைய தலைமைக்குச் சான்று எங்கே என்று தொடக்கத்தில் கேட்டேனே, இங்கே இருக்கிறது. ஒருவர் நேரில் நின்று நடத்தி முடிக்கும் காரியத்தைத் திறமை என்கிறோம். அவர் நகர்ந்துவிட்ட பிறகும் அவர் ஏற்படுத்திய சங்கமும், அவர் பயிற்றுவித்த ஆட்களும், அவர் எழுதிவைத்த வரைவும் சேர்ந்து அந்தக் காரியத்தை முடித்தால் அதுதான் தலைமை.

இன்று நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. அந்தக் காசில்தான் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 4,600 பொது நூலகங்களின் பெரும்பகுதிச் செலவு நடக்கிறது. வாழையும் வெற்றிலையும் பயிரிட்டு, ஒரு நாளும் நூலகப் பக்கம் போகாத விவசாயியும் தம் வீட்டு வரியோடு யாரோ ஒரு பிள்ளையின் புத்தகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். ரசீதில் அந்த வரியைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். உரிமையோடு நூலகத்துக்குள் நுழைந்து, என் காசுக்கு என்ன புத்தகம் வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.

தில்லைநாயகம்

சட்டம் வந்தாலும் துறையை நடத்த நூலகர் வரவில்லை. நெடுங்காலம் பொது நூலகங்கள் கல்வித் துறை அதிகாரிகளின் கூடுதல் பொறுப்பாகவே இருந்தன. 1972-இல் பொது நூலகத் துறை தனி இயக்ககமானபோதுதான் நூலகவியல் பயின்ற ஒருவர் இயக்குநராக அமர்ந்தார். அவர் வே.தில்லைநாயகம். 1925-இல் சின்னமனூரில் பிறந்தவர். பத்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அரங்கநாதன் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர். உலக அரங்குக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தன் தொழிலின் வரலாற்றைத் தன் மொழியில் படிக்க நூல் வேண்டுமே. தில்லைநாயகம் அதைச் செய்தார். அவருடைய 'இந்திய நூலக இயக்கம்' போன்ற நூல்கள் தமிழிலேயே இந்தத் துறையைப் பேசின. முன்னோடி விட்ட இடைவெளியைக் கண்டு அதை நிரப்புவதும் தலைமைதான். 1972 இன்னொரு வகையிலும் நினைவில் நிற்கும் ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 27-இல் அரங்கநாதன் பெங்களூரில் காலமானார்.

பெயரும் பணமும்

விருதுகளுக்குப் பெயர் வைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அரங்கநாதனுக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் மெல்வில் டூயி. 1876 என்ற ஒரே ஆண்டில் தசமப் பகுப்புமுறையை வெளியிட்டார், அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றக் காரணமானார். 1887-இல் கொலம்பியாவில் முதல் நூலகப் பள்ளியைத் திறந்தார். அந்தச் சங்கம் நூலகத் தலைமைக்கு வழங்கிய பதக்கம் பல பத்தாண்டுகள் டூயி பெயரில் இருந்தது. 2019-இல் அவர் பெயரைப் பதக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட முறையும், யூதர்களையும் கறுப்பினத்தவரையும் ஒதுக்கிய செயல்களும் காரணம். தசம எண்கள் இன்றும் உலக நூலகங்களின் புத்தக முதுகில் இருக்கின்றன. பெயர் மட்டும் போயிற்று. ஒருவர் கட்டியதற்கு ஒரு மதிப்பெண், உடன் பணியாற்றியவர்களை நடத்தியதற்கு ஒரு மதிப்பெண். விருதுக் குழு இரண்டையும் போட வேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றி. அரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றை நிறுவச் செய்தார். 1950-களில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த இருக்கைக்குத் தம் பெயரோடு மனைவி சாரதாவின் பெயரைச் சேர்த்தார். பின்னர் தம் நூல்களின் வருமானம் போய்ச் சேரும்படி சாரதா அரங்கநாதன் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அந்த அறக்கட்டளை சொற்பொழிவுகள் நடத்தியது, நூல் வெளியிட்டது. நாம் இன்று கூடியிருக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு வடிவமே அவருடைய தொழிலில் ஆழ வேர் விட்ட ஒன்று.

நம் ஊருக்கு வருவோம்

திருச்சியில் காமராசர் பெயரில் மாபெரும் நூலகம் எழும் காலம் இது. பெரிய கட்டடம் வரட்டும். ஆனால் நம் வட்டாரப் பிள்ளை தினமும் பேருந்து ஏறித் திருச்சிக்குப் போய்ப் படிக்க முடியாது. அவனுக்குக் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் பகுதிநேர நூலகமும்தான் கதி. அரங்கநாதன் கட்டிய தொழில் அந்தக் கடைசிப் படிக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டு நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். உள்ளாட்சிகள் பல, மக்களிடம் வசூலித்த நூலக வரியை நூலகத்துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கின்றன. சட்டம் இருக்கிறது, அதைப் பிடித்துக் கேட்கும் சங்கம் மெலிந்திருக்கிறது. அரங்கநாதன் படத்துக்கு மாலை போடுவதைவிட அவர் உட்கார்ந்த செயலாளர் நாற்காலியில் உட்கார ஆள் தேடுவது அவசரம்.

நம் பக்கத்தில் ஒரு நூலகரைப் பாராட்ட நினைக்கும் எந்தக் குழுவுக்கும் நான்கு கேள்விகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தமக்குத் தெரிந்ததை இவர் யாருக்காவது கற்றுக்கொடுத்தாரா? அடுத்து வருபவர் முதல் நாளே வேலையைத் தொடங்கும்படி பட்டியலும் பதிவேடும் இருக்கின்றனவா?

இரண்டாவது, ஊர்க்காரர்களை உள்ளே கொண்டுவந்தாரா? வாசகர் வட்டம் இவர் அழைக்காவிட்டாலும் கூடுகிறதா? ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலரானவர் அதற்குப் பிறகு ஒருமுறையாவது நூலகத்துக்கு வந்தாரா?

மூன்றாவது, சக நூலகர்களுக்காக இவர் பேசினாரா? தம் ஊதியம் நிரந்தரமான பிறகும் பகுதிநேரத் தோழருக்காக மனு எழுதினாரா?

நான்காவது, உதவியாளரையும் துப்புரவுப் பணியாளரையும் இவர் எப்படி நடத்தினார்? இதை அவர்களிடமே கேளுங்கள்.

இவற்றில் மூன்றுக்காவது நல்ல பதில் வந்தால் தயங்காமல் விருதைக் கொடுங்கள். அவர் பட்டம் பெரிதா, நூலகம் பெரிதா என்று பார்க்க வேண்டாம்.

அறக்கட்டளைக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். திருச்சியிலேயே நூலக அறிவியலில் பட்டம் படிக்க வழியிருக்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது, பெண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்து, அறக்கட்டளை வட்டியிலிருந்து அந்தப் படிப்புக் கட்டணத்தைச் செலுத்துங்கள். அதற்குப் பணம் போதாது என்றால் சொற்பொழிவை இரண்டாண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். பேச வருபவர் ஒருவர் குறைந்தால் நட்டமில்லை. நூலகர் ஒருவர் கூடினால் ஊருக்கு ஆதாயம்.